ஒரு மாத விருந்தாளி

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. மூன்று நாளுக்கு மேல் மருந்து கசக்கும். மூன்று நாளுக்கு மேல் விருந்தாளியும் பாரமாகி விடுவார். பெரியவர்கள் இப்படிச் சொல்லி வைத்தார்கள்.

திருக்குறளில் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் 10 குறள்கள் உள்ளன. வந்தவரை எப்படி உபசரிப்பது என்று அவை சொல்கின்றன. வீட்டாரின் கடமை நமக்குத் தெரியும். விருந்தாளியின் கடமை என்ன? அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இது சின்ன விஷயம் அல்ல. கல்யாணத்திற்காகப் போய்த் தங்குகிறோம். ஆஸ்பத்திரிக்காகப் போய்த் தங்குகிறோம். வேலை தேடிப் போனாலும் உறவினர் வீட்டில்தான் தங்குகிறோம். பல வீடுகளில் இருப்பது ஒரே அறை. தண்ணீர் பிடிக்க ஒரே குழாய். பத்து நாள் தங்கினால் அந்த வீட்டின் அரிசி குறையும். பிள்ளைகளின் படிப்பு கெடும். சமைக்கும் பெண்ணுக்கு வேலை இரண்டு மடங்காகும். நல்ல உறவுகள்கூட இதனால் முறிந்து போனது உண்டு.

ஆனால் ஒருவர் ஒரு வீட்டில் சுமார் ஒரு மாதம் தங்கினார். அவர் புறப்பட்டபோது, வர வேண்டாம் என்று சொல்லியும், வீட்டுக்காரர் ரயில் நிலையம் வரை வந்தார். வழிக்குச் சாப்பாடும் கொடுத்து அனுப்பினார். விருந்தாளியின் பெயர் மோகன்தாஸ் காந்தி. வீட்டுக்காரர் கோபால கிருஷ்ண கோகலே. ஊர் கல்கத்தா. இன்று அதன் பெயர் கொல்கத்தா. அந்த ஒரு மாதத்தில் நமக்குப் பல பாடங்கள் உள்ளன.

கூட்டத்திற்கு வந்தவர்கள்

1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அப்போது இந்தியாவை ஆங்கிலேயர் ஆண்டனர். கல்கத்தாதான் அவர்களின் தலைநகர். பல மாகாணங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். காந்திக்கு அப்போது வயது 32. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தவர். அந்த ஆண்டுதான் நாடு திரும்பியிருந்தார். அவரை இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது.

ரிப்பன் கல்லூரியில் பிரதிநிதிகள் தங்கினார்கள். இன்று அது சுரேந்திரநாத் கல்லூரி. காந்தியும் அங்கே தங்கினார். தங்கியவர்கள் படித்தவர்கள். ஆனால் தங்கிய இடத்தை அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள்?

கழிப்பறைகள் குறைவு. கூட்டமோ அதிகம். எங்கும் நாற்றம். காந்தி அதைத் தொண்டர்களிடம் காட்டினார். அது தங்கள் வேலை இல்லை, துப்புரவுத் தொழிலாளியின் வேலை என்று அவர்கள் சொல்லி விட்டார்கள். காந்தி ஒரு துடைப்பம் கேட்டார். கேட்டவர் திகைத்துப் போனார். துடைப்பத்தைத் தேடி எடுத்து, தாம் பயன்படுத்தும் கழிப்பறையைக் காந்தி தாமே சுத்தம் செய்தார். எல்லாவற்றையும் கழுவ அவர் ஒருவரால் முடியவில்லை.

சிலர் இரவில் அறைக்கு வெளியே தாழ்வாரத்திலேயே அசுத்தம் செய்தார்கள். காலையில் அதைச் சுத்தம் செய்ய யாரும் முன்வரவில்லை. அதையும் காந்திதான் செய்தார்.

இன்னொரு காட்சி. தென்னாட்டிலிருந்து வந்த பிரதிநிதிகளுக்குத் தனிச் சமையலறை இருந்தது. மற்ற சாதியார் பார்த்தாலே தீட்டு என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால் கல்லூரி வளாகத்தில் தட்டி கட்டி மறைத்தார்கள். உள்ளே சமையல், சாப்பாடு, கை கழுவுதல் எல்லாம் ஒரே இடத்தில். புகை போக வழியில்லை. படித்தவர்களே இப்படி இருந்தால் மற்றவர்கள் நிலை என்ன என்று காந்தி வருந்தினார்.

விருந்தாளியின் முதல் கடமை இங்கே தெரிகிறது. தங்கும் இடம் நம் வீடு இல்லைதான். ஆனாலும் அதன் சுத்தம் நம் பொறுப்பு.

அழைப்பு வந்தது

மாநாடு முடிந்தது. காந்திக்குக் கல்கத்தாவில் இன்னும் வேலை இருந்தது. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் துன்பத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் பேச வேண்டும். அதற்காக அவர் இந்தியா கிளப் என்ற இடத்தில் தங்கினார்.

கோகலேயும் அப்போது கல்கத்தாவில் இருந்தார். அவருக்குச் சொந்த ஊர் மகாராட்டிரம். காந்தியை விட மூன்று வயது பெரியவர். நாடறிந்த தலைவர். காந்தி ஊரில் இருப்பதை அறிந்து, தம்முடன் வந்து தங்கும்படி அழைத்தார்.

காந்தி நன்றி சொன்னார். ஆனால் உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தானாகப் போய் நிற்பது சரியல்ல என்று நினைத்தார். கோகலே ஓரிரு நாள் பார்த்தார். பிறகு தாமே நேரில் வந்து அழைத்துச் சென்றார். நாட்டில் தங்கிப் பொதுவேலை செய்யப் போகிறவர் இப்படிக் கூச்சப்பட்டால் எப்படி, பலரோடு பழக வேண்டாமா என்று உரிமையோடு கேட்டார்.

இதில் இரண்டு பேருக்கும் பாடம் உண்டு. விருந்தாளி அவசரப்படக் கூடாது. மனதார அழைப்பவர் வாயளவில் அழைத்து விட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

அந்த ஒரு மாதம்

கோகலே காந்தியைத் தம்பி போல நடத்தினார். என்ன தேவை என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். ஆனால் காந்தியின் தேவைகள் மிகக் குறைவு. தம் வேலைகளைத் தாமே செய்து கொள்வது அவர் வழக்கம். அதனால் அவருக்குப் பணிவிடை செய்ய வேலைக்காரருக்கு அதிக வேலை இல்லை. அவருடைய சுத்தமும் நேரம் தவறாத பழக்கமும் கோகலேயை மிகவும் கவர்ந்தன.

கோகலேயைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவார்கள். வந்த எல்லோருக்கும் அவர் காந்தியை அறிமுகம் செய்தார். எதையும் அவரிடம் மறைத்துப் பேசவில்லை. பக்கத்திலேயே இருந்தவர் டாக்டர் பிரபுல்ல சந்திர ராய். இவர் பெரிய விஞ்ஞானி. கல்லூரிப் பேராசிரியர். மாதச் சம்பளம் 800 ரூபாய். தமக்கென 40 ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்து விடுவார். இப்படிப்பட்டவரின் நட்பு காந்திக்கு அந்த வீட்டில்தான் கிடைத்தது.

கோகலேக்கு நாள் முழுவதும் வேலை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டுங்கள் என்று காந்தி கேட்கவில்லை. தாமே புறப்பட்டுப் போனார். பெரும்பாலும் நடந்தே போனார். நீதிபதிகளைப் பார்த்தார். காளி கோயிலைப் பார்த்தார். விவேகானந்தரைப் பார்க்க பேலூர் மடத்திற்குப் போனார். அவர் உடல்நலம் இல்லாமல் வேறு வீட்டில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. இப்படித் தம் பொழுதைத் தாமே பயன்படுத்திக் கொண்டார். வீட்டுக்காரரின் வேலை நேரத்தைத் தின்னவில்லை.

குதிரை வண்டியும் டிராமும்

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா? ஒரு சிறு உரசலும் வந்தது.

கல்கத்தாவில் அப்போதே டிராம் இருந்தது. தெருவில் தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டி அது. கட்டணம் குறைவு. கோகலே டிராமில் போவதில்லை. குதிரை வண்டி வைத்திருந்தார். இந்தச் செலவு எதற்கு என்று காந்திக்குத் தோன்றியது. அதை அவரிடமே கேட்டு விட்டார்.

கோகலேயின் மனம் சற்று வருந்தியது. ஆனாலும் பொறுமையாகக் காரணம் சொன்னார். தம்மைப் பலருக்கும் தெரியும். அதனால் டிராமில் தம்மால் சும்மா போய் வர முடியாது. காந்தியைப் போல எளிதாகப் போய் வர முடிந்தால் தமக்கும் மகிழ்ச்சிதான். தலைவர்கள் செய்யும் எல்லாமே சொகுசுக்காக என்று நினைக்கக் கூடாது. இப்படி அவர் விளக்கினார்.

காந்தி அதை ஏற்றுக் கொண்டார். இன்னொன்றும் கேட்டார். நடக்கக்கூடப் போவதில்லையே, உடம்பு எப்படி நன்றாக இருக்கும் என்றார். அதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கோகலே திருப்பிக் கேட்டார். அந்தப் பதில் காந்திக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் மேலே பேசவில்லை. கோகலேயின் மேல் இருந்த மதிப்பு அவரைத் தடுத்தது.

இது முக்கியமான பாடம். ஒரு வீட்டில் சில நாள் தங்கினால் அந்த வீட்டின் குறைகள் தெரியும். வெளியே இருந்து பார்க்கும்போது செலவு தெரியும், காரணம் தெரியாது. முதுகுக்குப் பின்னால் பேசுவது தவறு. அக்கறை இருந்தால் நேரில் கேட்கலாம். பதில் வந்த பிறகு நிறுத்திக் கொள்ள வேண்டும். அந்த வீட்டை நடத்துகிறவர் நாம் அல்ல.

புறப்பாடு

1902 பிப்ரவரியில் காந்தி கிளம்பினார். ராஜ்கோட் போக வேண்டும். மூன்றாம் வகுப்பில் போய், ஏழை மக்கள் படும் துன்பத்தை நேரில் பார்க்க விரும்பினார். கோகலே முதலில் கேலி செய்தார். காரணம் தெரிந்ததும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

காந்தி 12 அணாவுக்கு ஒரு கித்தான் பை வாங்கினார். முரட்டுக் கம்பளியில் ஒரு நீளக் கோட்டு, ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை. இவைதான் பைக்குள் வைக்கும் துணிகள். ஒரு போர்வையும் ஒரு தண்ணீர்ச் சொம்பும் தனி. கோகலே ஒரு டிபன் பெட்டி கொடுத்தார். அதில் பூரியும் இனிப்பு உருண்டைகளும் இருந்தன.

ரயில் நிலையத்திற்கு வர வேண்டாம் என்று காந்தி சொல்லியிருந்தார். கோகலே கேட்கவில்லை. டாக்டர் ராயும் கூட வந்தார். முதல் வகுப்பில் போயிருந்தால் வந்திருக்க மாட்டேன், மூன்றாம் வகுப்பில் போவதால்தான் வந்தேன் என்றார் கோகலே. டாக்டர் ராய் வங்காளி உடையில் இருந்தார். டிக்கெட் பரிசோதகர் அவரைத் தடுத்தார். தம் நண்பர் என்று கோகலே சொன்ன பிறகே உள்ளே விட்டார். இருவரும் வாழ்த்தி அனுப்பினார்கள்.

விருந்தாளி வீட்டுக்காரர் ஆனார்

பத்து ஆண்டுகள் கழிந்தன. காந்தி மீண்டும் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1912இல் கோகலே அங்கே போனார். இப்போது கோகலே விருந்தாளி. காந்தி வீட்டுக்காரர்.

ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை இருந்தது. போராட்டக் குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தன. தமிழர்கள் பலர் இருந்தனர். கோகலே அங்கே தங்கினார். அவருக்கு உடல்நலம் சரியில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை மைல். நடந்து விடுவார் என்று காந்தி நினைத்து விட்டார். வழியில் மழை பிடித்தது. கோகலேக்குச் சளி பிடித்து விட்டது. காந்தி மிகவும் வருந்தினார். அன்போடு அழைப்பது மட்டும் போதாது. வருகிறவரின் உடல்நிலையையும் கேட்டறிய வேண்டும்.

பண்ணையில் எல்லோரும் தரையில் படுப்பார்கள். கோகலேக்காக ஒரு கட்டில் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் தரையில் படுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. கட்டிலை எடுக்கச் சொன்னார். தாமும் தரையிலேயே படுக்கை விரித்துக் கொண்டார். நோயாளியாக இருந்தும் தனிச் சலுகையை அவர் விரும்பவில்லை.

விருந்தாளிக்குப் பெருமை சலுகையில் இல்லை. வீட்டாரோடு வீட்டாராக இருப்பதில் இருக்கிறது. கல்கத்தாவில் காந்தி அப்படி இருந்தார். பண்ணையில் கோகலே அப்படி இருந்தார்.

நாம் என்ன செய்யலாம்?

போகும் முன்:

1. எந்த நாள் வருகிறோம், எத்தனை பேர், எத்தனை நாள் என்று முன்னதாகச் சொல்லுங்கள். கடிதம் எழுதலாம். போனில் பேசலாம்.
2. அவர்களுக்கு வசதிப்படுமா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சையாக இருக்கலாம். வீட்டில் நோயாளி இருக்கலாம். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.
3. துண்டு, போர்வை, சோப்பு, மருந்து ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.

தங்கும்போது:

1. படுக்கையை நீங்களே சுருட்டி வையுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும்.
2. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுக் கொள்ளுங்கள். தண்ணீரை அளவாகச் செலவிடுங்கள். குளியலறையையும் கழிப்பறையையும் சுத்தமாக விட்டு வாருங்கள்.
3. சாப்பிடக் கூடாதது ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். வங்காளத்தில் மீன் அன்றாட உணவு. மீன் சாப்பிடாதவர் முன்பே சொன்னால் யாருக்கும் சங்கடம் இல்லை. சமைத்த பிறகு சொன்னால் சமைத்தவரின் மனம் நோகும்.
4. சில நாள் தங்குவதானால் காய்கறியோ பாலோ வாங்கிக் கொடுங்கள்.
5. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் டி.வி. பார்க்க வேண்டாம். கேட்காமல் அலமாரியைத் திறக்க வேண்டாம்.
6. அந்த வீட்டில் கேட்ட பேச்சை வெளியே கொண்டு போக வேண்டாம்.

கிளம்பும்போது:

1. சொன்ன நாளில் கிளம்புங்கள்.
2. தங்கிய இடத்தைப் பெருக்கி விடுங்கள். ஏதாவது உடைந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
3. ஊர் சேர்ந்ததும் தகவல் சொல்லுங்கள். நன்றி சொல்லுங்கள்.

வீட்டாருக்கும் சில கடமைகள் உண்டு. கடன் வாங்கி விருந்து வைக்க வேண்டாம். உள்ளதைக் கொடுத்தால் போதும். முடியாவிட்டால் முடியாது என்று பணிவாகச் சொல்லலாம். விருந்து வேலையை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் சுமத்த வேண்டாம். எல்லோரும் பங்கு போட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று. வந்தவரின் சாதி பார்த்துத் தனி டம்ளர் கொடுப்பது விருந்து அல்ல. அது அவமானம். வீட்டாரின் சாதி பார்த்துத் தண்ணீர் குடிக்க மறுப்பதும் அப்படித்தான். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்து விட்டது. 1901இல் கட்டிய அந்தத் தட்டி நம் வீடுகளில் இருக்கக் கூடாது.

போய் வருகிறேன்

விடைபெறும்போது நாம் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்கிறோம். கொல்கத்தாவிலும் இதே வழக்கம் உண்டு. கிளம்புகிறவர் "ஆஷி" என்பார். வருகிறேன் என்று பொருள். வீட்டார் "ஏஷோ" என்பார்கள். வா என்று பொருள். மொழி வேறு. எண்ணம் ஒன்றுதான். மறுபடி வரும்படியாக ஒரு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சொல்லும் பொருளும்

உபசரித்தல் – அன்போடு கவனித்தல்
பிரதிநிதி – பலரின் சார்பாக வருபவர்
கித்தான் – கெட்டியான முரட்டுத் துணி
அணா – பழைய காசு; 16 அணா ஒரு ரூபாய்
சலுகை – ஒருவருக்கு மட்டும் தரும் தனி வசதி

பேசிப் பார்ப்போம்

1. ரிப்பன் கல்லூரியில் காந்தி ஏன் துடைப்பம் கேட்டார்?
2. கோகலே அழைத்ததும் காந்தி ஏன் உடனே போகவில்லை?
3. குதிரை வண்டி பற்றிக் காந்தி கேட்டது சரியா? உங்கள் கருத்து என்ன?
4. கோகலே ஏன் கட்டிலை எடுக்கச் சொன்னார்?
5. விருந்தாளி வந்தால் உங்கள் வீட்டில் யாருக்கு வேலை அதிகம்? அதை எப்படிப் பங்கு போடலாம்?

எழுதிப் பழகுவோம்

கீழே ஒரு கடிதம் இருக்கிறது. படியுங்கள். இதே போல உங்கள் உறவினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் நலமா?

அம்மாவின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். வரும் திங்கட்கிழமை காலை நானும் அம்மாவும் வரலாம் என்று இருக்கிறோம். மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். வியாழக்கிழமை காலை திரும்பி விடுவோம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்பு வேண்டாம். நீங்கள் சாப்பிடுவதே எங்களுக்கும் போதும்.

அந்த நாள் உங்களுக்கு வசதிப்படாவிட்டால் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த வாரம் வருகிறோம்.

அன்புடன்,
தங்கை